மோப்ப டீச்சரின் பால் டின்கள்

இந்தப் பண்டமாரான் ஊரில் இத்தனை பேர் இருக்க, உங்களுக்கு மோப்ப டீச்சர் கதைதான் வேண்டுமா? அடுத்தவர் மூக்கைப் பற்றித் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? சரி, கேட்டுத் தொலையுங்கள். துறைமுகத்து மோப்ப நாய்கள் எல்லாம் வரிசையில் நின்று பாடம் கேட்க வேண்டிய மூக்கு அவளுடையது.

நான் சமைத்துப் போடும் பாலர் பள்ளியில் அவள் டீச்சர். ஏ, பி, சி சொல்லித்தர வந்தவள், பால் டின் மூடிகளில் ஓட்டை குத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு டின்னில் பெலாச்சான் என்கிற இறால் விழுது, ஒன்றில் கறிவேப்பிலை, ஒன்றில் தலைவலித் தைலம். பிள்ளைகளின் கண்ணைக் கட்டி, "மோந்து பாரு, என்னன்னு சொல்லு" என்பாள்.

ஒருநாள் பெலாச்சானைச் சுடுதண்ணீரிலும் ஐஸ் தண்ணீரிலும் கரைத்தாள்.

"எந்த வாசம் முதல்ல வருது?"

"சுடுதண்ணி!"

"ஆமா. சூட்டுல வாசம் ஓடும், ஐஸுல நடக்கும்."

"வாசத்துக்குக் கால் எங்க டீச்சர்?" என்றது ஒரு வாண்டு. டீச்சரும் டின்னுக்குள் எட்டிப் பார்த்தாள்!

டின்னில் நாற்றமெடுக்கும் டுரியான் பழத்தோலை வைத்த அன்று, பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் கேஸ் கசிகிறதென்று சிலிண்டரைத் தூக்கி நடுரோட்டில் வைத்துவிட்டார். என் தோள்துண்டு காணாமல் போனதும் அந்த வாரம்தான். பூனைதான் இழுத்துப் போயிருக்கும் என்று அதைத் திட்டினேன்.

பள்ளி முதலாளியம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இந்த மோப்பப் பாடத்தால் இனி ஒரு பிள்ளை பள்ளியை விட்டுப் போனாலும் டீச்சருக்கு வேலை இல்லை. மறுநாளே வந்து நின்றார், எங்கள் பிள்ளைகளில் ஒருத்தியான கவினாவின் அப்பா. துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிறவர். கூடவே மனைவி.

"படிக்க அனுப்பினா, என் பொண்ண போலீஸ் நாயாக்குறீங்களா? நாளைலேர்ந்து வரமாட்டா!"

டீச்சர் அழுதிருக்க வேண்டும். அவளோ கவினாவின் கண்ணைக் கட்டினாள். "அண்ணே, கொஞ்சம் குனிங்க. கவினா, இது யாரு?"

கவினா மோந்தாள். "அப்பா! கிரீஸ்... மிண்ட் மிட்டாய்... மிட்டாய்க்குக் கீழ சிகரெட்."

மனைவி மெதுவாகத் திரும்பினார். "தைப்பூசத்தோட விட்டாச்சுன்னீங்க?"

"பிரெண்டு பிடிச்சான் லா. நான் சும்மா பக்கத்துல நின்னேன்."

"வாய்லயும் இருக்கு, அம்மா," என்றாள் கவினா.

"டீச்சர், இவ இங்கதான் படிப்பா. அடுத்த வருஷமும்," என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா புருஷனை வெளியே தள்ளிக்கொண்டு போனார்.

அந்தச் சந்தோஷத்தில் டீச்சர் கடைசி டின்னை எடுத்து நீட்டினாள். மோந்த பிள்ளைகள் ஒரே குரலில் கத்தின: "சமையல் பாட்டி!"

மூடியைத் திறந்தேன். உள்ளே என் தோள்துண்டு. வெங்காயமும் தாளிப்பும் வியர்வையுமாக.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரிகளிடம், "திருடி! என் துண்டைத் திருடிட்டா!" என்றேன்.

"திரும்பக் கேட்டீங்களாக்கா?"

"கேக்கல லா. இன்னொண்ணு கொடுத்துட்டு வந்தேன், துவைக்காம. அந்த வாசம் போயிட்டா பிள்ளைங்க என்னைத் தேடும்ல?"