மனைவிக்குப் பதிலாக மஞ்சத்தில் படுத்தவர்

இந்தியாவுக்குச் சுதந்திரம் கிடைத்தது பெரிய காரியந்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய காரியம் ஐம்பத்திரண்டாம் வருஷம் நாகர்கோவிலில் நடந்தது. டாக்டர் ரசலையன் கல்கத்தாவில் மனோதத்துவ சிகிச்சை படித்து வந்து, மணிமேடைக்கு நாலு கடை தள்ளி ஒரு மஞ்சத்தைக் கொண்டு இறக்கினார். பெண்ணின் மனம் யாருக்கும் புரியாது என்று அதுவரை ஊரில் ஒரு அவதூறு இருந்தது. டாக்டர் அதை ஒழித்துக் கட்டினார். அந்த மஞ்சத்தில் முதலில் படுத்த பெருமை கோட்டாறு கயிற்றுக்கடை பொன்னுலிங்கத்தைச் சேரும்.

நோய் அவருக்கில்லை. அவர் மனைவி முத்துக்கனிக்கு.

முத்துக்கனி பி.ஏ. பி.டி. கணக்கு பாடம். கல்யாணத்தின்போது அந்த நாலெழுத்தையும் பத்திரிகையில் பெரிசாக அடிக்கச் சொல்லி, அச்சாபீசில் குத்த வைத்து இருந்து திருத்தினவர் பொன்னுலிங்கம்தான். படிப்பு பத்திரிகையில் இருக்கும் மட்டும் ஒரு பிரச்சினையும் இல்லை. பஸ் ஏறிப் போக வேண்டிய கருங்கல் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்திச்சி வேலைக்கு அவளுக்கு சர்க்கார் உத்தரவு வந்தது. வருகிற திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும், சேராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அன்றுதான் நோய் வெளிப்பட்டது.

"நான் போகத்தான் போறேன்," என்றாள் முத்துக்கனி. கத்தவில்லை, அழவில்லை. சாம்பாரைக் கிண்டிக்கொண்டே சொன்னாள். பொன்னுலிங்கத்துக்குப் பதற்றமும் வெப்ராளமும் தாங்கவில்லை. நல்ல மனநிலையில் உள்ள ஒரு பெண் இப்படிச் சொல்வாளா என்று யோசித்தார், டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

டாக்டர் முறையை விளக்கினார். நோயாளி மஞ்சத்தில் மல்லாந்து படுக்க வேண்டும், கண்ட சொப்பனத்தையெல்லாம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பொன்னுலிங்கம் குறுக்கே பாய்ந்தார்.

"டாக்டரே, நாளைக்கு நான் கடையில இருக்க வேண்டாமா? அன்னிய ஆம்பிளைக்கு முன்னால எனக்க பெண்டாட்டி மலந்து படுத்தான்னா ஊரு என்ன சொல்லும்?"

டாக்டரும் கோட்டாறு மண்ணில் பிறந்தவர்தான். தாடையைத் தடவினார். "வேற வழி?"

"நிலம் எழுதக் கச்சேரிக்குப் போனாலும் அவளுக்குப் பதிலா நாந்தான் பேசுகேன். வோட்டு யாருக்குன்னும் நாந்தான் சொல்லிக் குடுக்கேன். சொப்பனம் மட்டும் என்ன விசேஷம்? அவளுக்குப் பதிலா நானே படுக்கேன்."

இப்படியாக, கல்கத்தாவுக்கே தெரியாத 'பதிலாள் பகுப்பாய்வு' என்ற மகத்தான முறை உதயமாயிற்று. நோயாளி அரைக்கதவுக்கு வெளியே பெஞ்சில் குடையோடு இருந்தாள். நோயாளியின் கணவர் உள்ளே மின்விசிறிக்குக் கீழே படுத்தார்.

முதல் நாள் காலையிலேயே அவர் முறையாகத்தான் கேட்டார். "ஏட்டி, ராத்திரி என்ன சொப்பனம் கண்ட?"

"போர்டு நிறைய கணக்கு எழுதுகேன். பிள்ளைகெல்லாம் விடை சொல்லுது," என்றாள் அவள்.

சே, இதெல்லாம் ஒரு சொப்பனமா? படித்த டாக்டரிடம் இதைச் சொன்னால் குடும்பத்துக்குக் கேவலம் என்று பொன்னுலிங்கத்துக்குப் பட்டது. ஆகவே தமக்கு வந்த சொப்பனங்களையே எடுத்து மனைவியின் கணக்கில் சேர்த்தார். புருஷன் பெண்டாட்டிக்குள் உன்னது என்னது என்று உண்டா?

"அடுப்பு எரியல்ல டாக்டரே. ஊதி ஊதி கண்ணு கலங்குது. ஒருத்தரும் வரல்ல. வெளிய பஸ்ஸு ஹாரன் அடிக்குது. நான்... அவ ஓடுகா. பஸ்ஸு போயிருது."

டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். "ஓய், இது சாதாரண சொப்பனமில்ல. பஸ்னா என்ன? புருஷ சக்தி. புகை விட்டுக்கிட்டு முன்னால போகுது பாத்தீரா? நோயாளிக்குப் பஸ்ஸா மாறணும்னு ஆசை."

"பஸ்ஸப் பிடிக்கணும்னுதான் சொல்லுகா. பஸ்ஸா மாறணும்னு சொல்லல்லியே?"

"மேல்மனசு பிடிக்கணும்னு சொல்லும். அடிமனசுக்கு மாறணும். ஆண்மைப் பொறாமை. நல்லா முத்திப் போச்சு."

வெளியே பெஞ்சு கிறீச்சிட்டது. டாக்டர் அதையும் குறித்துக்கொண்டார்.

அடுத்த தடவை இன்னும் ஆழமாகப் போயிற்று. கடைக்கு வருகிறவர்களெல்லாம் 'டீச்சருக்க மாப்பிளைதானே?' என்று கேட்பதாகச் சொப்பனம். பேர் கேட்டால் சொல்ல வரவில்லை, நாக்கு ஒட்டிக்கொள்கிறது. இதைச் சொல்லும்போதே பொன்னுலிங்கம் தேம்பித் தேம்பி அழுதார். டாக்டர் முதுகில் தட்டிக் கொடுத்தார். அழுது முடித்ததும் நெஞ்சு லேசாயிற்று. அன்று ராத்திரி அவருக்கு அப்படியொரு உறக்கம். மனைவிக்கு வைத்தியம் பார்த்தால் உடம்புக்கு எவ்வளவு நல்லது என்று அவர் அன்றைக்குத்தான் கண்டுகொண்டார்.

சனிக்கிழமை டாக்டர் தீர்ப்பை வாசித்தார். "நோயாளி தனியாக நிற்கத் திராணியற்றவர். பேர் போய்விடுமோ என்று பயப்படுகிறவர். ஒரு அடுப்புப் பற்றவைக்கத் தெரியாத குழந்தை மனம். ஆகையால் உத்தியோகத்துக்கு லாயக்கில்லை என்று சர்க்காருக்குச் சர்டிபிகேட் தருகிறேன்."

அரைக்கதவு திறந்தது. முத்துக்கனி உள்ளே வந்தாள்.

"நீங்க சொன்னது அத்தனையும் சரி டாக்டரே. ஆனா அது நானில்ல. அந்தச் சொப்பனம் பூரா இவியளுக்கது," என்று கணவரைக் கை காட்டினாள்.

டாக்டர் புன்னகைத்தார். அந்தக் கட்டத்துக்காகத்தான் காத்திருந்தவர் போலத் தெரிந்தது. "மறுப்பதுதான் இந்த நோயின் முதல் லட்சணம்."

"மறுக்காட்டா?"

"ஒத்துக்கொண்டதாக அர்த்தம்."

"அப்பம் நோயில்லாதவ என்ன சொல்லணும்?"

"நோயில்லாதவள் இங்கே வந்திருக்கவே மாட்டாள்," என்றார் டாக்டர். விஞ்ஞானத்தில் ஓட்டை என்பதே கிடையாது.

முத்துக்கனி கணவர் பக்கம் திரும்பினாள். முகம் வெளுத்திருந்தது. "நீங்க சொல்லுங்க. கேக்கியதுக்கு வேற ஆளில்ல. திங்கக்கிழமை போகல்லன்னா எனக்கு அந்த வேலை இல்ல. யாருக்க சொப்பனம் அது?"

பொன்னுலிங்கம் மல்லாந்தபடியே விசிறியைப் பார்த்தார். அவருக்குத் தெரியாதா என்ன. ஒரு வார்த்தை போதும், நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அந்த அடுப்பு ஞாபகம் வந்தது. டீச்சருக்க மாப்பிளை என்று யாரோ காதுக்குள் கூப்பிட்டார்கள்.

"அவளுக்கதுதான் டாக்டரே," என்றார்.

முத்துக்கனி குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். சர்டிபிகேட் சர்க்காருக்குப் போயிற்று. திங்கட்கிழமை கருங்கல்லில் வேறு யாரோ போர்டில் கணக்கு எழுதினார்கள்.

சிகிச்சையைப் பாதியில் விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், அடுத்த மாதம் பொன்னுலிங்கம் மறுபடி போய்ப் படுத்தார். சதை போட்டிருந்தார். மஞ்சம் முனகியது.

"நோயாளி எப்படி இருக்கா?"

"ரொம்ப சௌக்கியம். அடுப்பு நேரத்துக்கு எரியுது. எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்ல. பி.ஏ. சர்டிபிகேட்ட அவளே பெட்டிக்கு அடியில போட்டுட்டா."

"பேஷ். சொப்பனம்?"

அன்று காலையிலும் பொன்னுலிங்கம் கேட்கத்தான் செய்தார். அவள் கஞ்சியை ஆற்றிக்கொண்டே, ஏறிட்டுப் பார்க்காமல் பதில் சொன்னாள். அதை அப்படியே ஒப்பித்தார்.

"இப்பம் அவளுக்குச் சொப்பனமே வாறதில்ல டாக்டரே."

'பூரண குணம்' என்று டாக்டர் எழுதி அடிக்கோடு போட்டார். அந்த மஞ்சத்தில் படுத்து, மனைவியின் சொப்பனத்தைப் பற்றிப் பொன்னுலிங்கம் சொன்ன ஒரே உண்மை அதுதான்.