காப்பியையும் விட்டேன்

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தான் எழுதுவது. அங்கே உங்கள் அக்காள் வேளாவேளைக்குக் காப்பி குடித்துக்கொண்டு சௌக்கியமாக இருப்பாள் என்று நம்புகிறேன். இங்கே நான் சௌக்கியமாக இல்லை.

பெட்டியோடு ஏன் வந்தாள் என்று அவள் தரப்பைக் கேட்டிருப்பீர்கள். என் தரப்பையும் கேளுங்கள். எந்தப் பொருளுக்கு அநியாயமாக விலை ஏற்றினாலும் அன்றோடு அதை விட்டுவிடுவது என் கொள்கை. கல்யாணமான புதிதில் சினிமாவுக்குப் போனோம். டிக்கெட் விலையை ஏற்றியிருந்தான். வரிசையிலிருந்தே அவளைத் திருப்பிக் கூட்டிவந்துவிட்டேன், அதற்கப்புறம் தியேட்டர் வாசலை மிதிக்கவில்லை. பிறகு சலூன். "தலை அதே தலைதானேய்யா, கூலி மட்டும் ஏன் வளருது?" என்று கேட்டால், "நானும் கடையிலதான சார் அரிசி வாங்குறேன்" என்கிறார் சலூன்காரர். இது ஒரு பதிலா? அன்று முதல் உங்கள் அக்காள்தான் சமையலறைக் கத்தரிக்கோலால் எனக்கு முடி வெட்டினாள். அப்புறம் பஸ், அப்புறம் பேப்பர், அப்புறம் செருப்பு. நான் விட விட அவனவன் பயந்துபோய் விலையைக் குறைப்பான் என்று பார்த்தால், நான் விட்டதையே ஒருத்தனும் கவனிக்கவில்லை, மாப்பிள்ளை! போன மாதம் காப்பித்தூள் ஏறிற்று. விட்டாயிற்று என்றேன். "சினிமாவை விட்டீங்க, சும்மா இருந்தேன். பஸ்ஸை விட்டீங்க, கூடவே நடந்தேன். காப்பியை விட்டா நான் உங்களை விட்டுடுவேன்" என்றாள். சும்மா மிரட்டுகிறாள் என்று நினைத்தேன். பஸ் ஏறிவிட்டாள், அதுவும் டிக்கெட் வாங்கி.

நேற்று மார்க்கெட்டிலிருந்து நடந்து வரும்போது மூச்சு வாங்கியது. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். வெட்ட ஆளில்லாத தலைமுடி, காலில் செருப்பில்லை. ஆபீசுக்குப் போகிற பெண் ஒருத்தி, "பெரியவரே, வச்சுக்குங்க" என்று என் கையில் ஒரு ரூபாயை வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டாள். திருப்பிக் கொடுக்க ஓடினேன், முடியவில்லை. அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்குக் கல்யாணமான புதிதிலும் பிச்சைக்கு ஒரு ரூபாய்தானே போட்டார்கள்? எல்லாம் ஏறிற்று, இது மட்டும் ஏறவில்லை, இதைக் கேட்க நாதியில்லையா? கோபத்தோடு வீட்டுக்கு வந்து, சொல்வதற்கு அவளைத் தேடினேன். அடுப்படி காலியாக இருந்தது. அழுதுவிட்டேன், மாப்பிள்ளை.

எல்லா சபதத்தையும் கைவிட்டுவிட்டேன் என்று அவளிடம் சொல்லுங்கள். காப்பித்தூள் வாங்கி வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை சினிமா. டிக்கெட் என்ன விலை என்று கேட்கக்கூட மாட்டேன், இது சத்தியம்.

குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம். அதற்கு இன்னும் யாரும் விலை ஏற்றவில்லை, தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: தபால் நிலையத்தில் நின்றபடி, உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். தபால்தலை விலையை ஏற்றிவிட்டார்கள்! கேட்டால், "ஏத்தி ரொம்ப நாளாச்சு சார், நீங்கதான் இந்தப் பக்கமே வர்றதில்லை" என்கிறாள் கவுண்ட்டர் பெண். எனக்கு வந்ததே கோபம், இனி தபால்தலையும் வாங்குவதில்லை என்று சொல்லிவிட்டேன். ஆகையால் இது தலை ஒட்டாமல் வருகிறது. தபால்காரர் இரண்டு மடங்கு கேட்பார், கொடுத்து வாங்கிக்கொள்ளவும். அந்த நேரத்தில் அக்காள் வாசல் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளவும்.