பிக்கரிங் துரை காலமான விவரம்

பிக்கரிங் துரை காலமாகிவிட்ட செய்தி, பேகம்பூர் நூர் அகமதுவுக்கு லண்டன் தபாலில்தான் வந்து சேர்ந்தது. அதைப் படித்தபோது அவர் வாயில் மலைவாழைப்பழம் பாதி இருந்தது. அந்தப் பழம், அன்று காலையில் சிறுமலையிலிருந்து துரை கொடுத்தனுப்பிய தாரில் பிய்த்தது.

விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் மனசு வரவில்லை.

"என்னங்க, மொகம் பேயறஞ்ச மாதிரி இருக்கு? யாரும் மவுத்தாயிட்டாங்களா?" என்று கேட்டாள் மனைவி குர்ஷித் பேகம்.

"துரைதான்."

"யா அல்லா! எப்ப?"

"லண்டன்காரன் கணக்குப்படி ரெண்டு மாசமாச்சு."

குர்ஷித் பேகம் மூலையில் சாய்த்து வைத்திருந்த தாரைப் பார்த்தாள். "அப்ப இதை அனுப்பினது யாரு?"

துரை திண்டுக்கல்லில் ஒரு தோல் கம்பெனிக்கு மேனேஜராக இருந்தவர். நூர் அகமது அதே கம்பெனியில் ஹெட் கிளார்க். சுதந்திரம் வந்த கையோடு கம்பெனியை விற்றுவிட்டு மற்ற வெள்ளைக்காரர்கள் எல்லாம் கப்பலேறினார்கள். பிக்கரிங் துரை மட்டும், "அந்தக் குளிருக்கு என் முழங்கால் ஒத்துக்காது" என்று சிறுமலையில் ஒரு வாழைத்தோட்டத்தை வாங்கிக்கொண்டு தங்கிவிட்டார். லண்டன் கம்பெனி அனுப்பும் பென்ஷனில் அவர் பிழைப்பு நடந்தது. நூர் அகமது பேகம்பூரில் சொந்தமாகத் தோல் மண்டி வைத்த பிறகும், துரையின் காகித வேலைகளை மட்டும் விடவில்லை. மலைக்குத் தபால் ஒழுங்காகப் போகாது என்பதால், துரைக்கு வரும் கடிதமெல்லாம் மண்டி விலாசத்துக்கே வரும். பாஸ்போர்ட்டும் இவர் பீரோவில்தான் இருந்தது.

வருஷத்துக்கு ஒரு தரம் லண்டனிலிருந்து ஒரு பாரம் வரும். பென்ஷன் வாங்குகிறவர் இருக்கிறாரா, போய்விட்டாரா என்று கேட்கும். துரை வெறும் பாரத்தில் கையெழுத்தைப் போட்டு அனுப்பிவிடுவார். நிரப்புவது நூர் அகமது. இந்த வருஷப் பாரம் புது மாதிரி. 'உயிருடன் இருக்கிறார்', 'இறந்துவிட்டார்' என்று இரண்டையும் அவர்களே அச்சடித்து, பொருந்தாததை அடித்துவிடச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்குப் பார்த்து மண்டி வாசலில் தோல் லாரி நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நூர் அகமது அவசரத்திலும் ஒழுங்கு தவறாதவர். ஸ்கேலை வைத்து, அழகாக, நேராக, 'உயிருடன் இருக்கிறார்' மேல் ஒரு கோடு போட்டுவிட்டார்.

"கோடு போட்டே ஆளைக் கொன்னுட்டீங்களே!" என்றாள் குர்ஷித் பேகம்.

"மெதுவாப் பேசு. தெருவுல போறவன் போலீசுக்குப் போயிறப் போறான்."

"நேரா மலைக்குப் போயி துரைகிட்ட உண்மையைச் சொல்லிருங்க."

அது மட்டும் நூர் அகமதுவால் ஆகாது. 'நூர் பார்த்த தாளை நான் இன்னொரு தரம் பார்க்க மாட்டேன்' என்று நாலு பேர் நடுவில் சொன்னவர் துரை. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் நூர் அகமது இத்தனை காலமும் பேகம்பூரில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். போதாததற்கு, துரை கால் வீங்கி மலையை விட்டு இறங்க முடியாமல் கிடந்தார். பென்ஷனும் நின்று போனால் வைத்தியத்துக்கு என்ன செய்வார்? கையில் காசில்லாத வெள்ளைக்காரரைக் கப்பலேற்றி அனுப்பிவிடுவார்களோ என்று வேறு இவருக்குக் கிலி பிடித்தது.

ராத்திரியோடு ராத்திரியாக யோசித்து, துரை எழுதுகிற மாதிரியே லண்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார். 'ஐயா, நான் சாகவில்லை. சௌக்கியமாக இருக்கிறேன்' என்று எழுதி, துரையின் கையெழுத்தையும் அச்சு அசலாகப் போட்டார்.

பதில் சீக்கிரமே வந்தது. காலமானவரின் கையெழுத்தில் வரும் கடிதங்களைக் கம்பெனி ஏற்பதில்லை. இந்தக் கையெழுத்தைப் போட்டவர் யாரென்று விசாரிக்க உத்தேசம். பிக்கரிங் மெய்யாகவே உயிரோடிருந்தால் பாஸ்போர்ட்டுடன் ஒரு கெஜடெட் ஆபீசர் முன்னால் நேரில் நின்று சான்று வாங்கி அனுப்பட்டும் என்று கண்டிருந்தது.

"முன்ன கொலை மட்டுந்தான் இருந்துச்சு. இப்பக் கள்ளக் கையெழுத்தும் சேந்துக்கிருச்சு" என்றாள் குர்ஷித் பேகம்.

அந்த நேரம் பார்த்து, மலையிலிருந்து மட்டக்குதிரையில் வாழைத்தார் ஏற்றி வரும் வேலுசாமி வந்து நின்றான். "பாய், லண்டன்ல இருந்து எதுவும் கடுதாசி வந்துச்சான்னு துரை கேட்டாக."

"ஒண்ணும் வரலைன்னு சொல்லு. துரை எப்படி இருக்காக?"

"அவருக்கென்ன, சிரிச்சுக்கிட்டே இருக்காரு" என்று சொல்லிவிட்டு வேலுசாமி குதிரையைத் திருப்பினான்.

நூர் அகமது அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் எதிரில் இருந்த மச்சானை உற்றுப் பார்த்தார். குர்ஷித் பேகத்தின் அண்ணன் சௌகத் அலி. திண்டுக்கல் வட்டாரத்துக் கல்யாணங்களில் பிரியாணி அண்டா இறக்குகிறவர். ஆள் செக்கச் சிவப்பு, கண் பூனைக்கண், உயரமும் துரை உயரம்.

"மச்சான், ஒரு நாளைக்கு நீங்க இங்கிலீஷ்காரரா இருக்கணும்."

"எந்த ஊருக் கல்யாணத்துல?" என்றார் சௌகத் அலி.

விஷயத்தைச் சொன்னதும் கும்பிட்டு மறுத்தார். தங்கை அழுததும் ஒத்துக்கொண்டார். ஆனால் பாஸ்போர்ட் படத்தில் துரைக்கு மழமழவென்று முகம். சௌகத் அலிக்கோ நெஞ்சு வரை தாடி.

"தாடியை எடுக்கவே மாட்டேன். வர்ற வெள்ளிக்கிழமை பேத்திக்கு நிக்காஹ். சம்பந்தி வீட்டுல என்னைய யாருன்னு கேப்பாங்க!"

ஆகவே தாடியைச் சுருட்டி மேலே தூக்கி, மோவாயோடு சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டி, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டார்கள். அதன் மேல் துரை எப்போதோ கொடுத்த தொப்பி. உடம்பில் துரையின் பழைய கோட்டு. கண்ணாடியில் பார்த்த சௌகத் அலிக்கே மரியாதை வந்துவிட்டது.

"வாயைத் தொறக்காதீங்க. மீறிப்போனா யெஸ், தேங்க்யூ. அம்புட்டுத்தான்" என்று நூர் அகமது பாடம் சொன்னார்.

ஊரிலுள்ள பெரிய அதிகாரிகளுக்கெல்லாம் பிக்கரிங் துரையைத் தெரியும். மலைப்பயிர் அபிவிருத்திக்கென்று மெட்ராஸிலிருந்து புதிதாக வந்திருந்த ஸ்பெஷல் ஆபீசருக்குத்தான் யாரையும் தெரியாது. ஊருக்கு வெளியே ஒரு வாடகை வீட்டில் ஆபீஸ். இருவரும் ஜட்கா வண்டி பிடித்துப் போய் இறங்கினார்கள்.

வாசலில் இருந்த பியூன் ஆண்டிச்சாமி ஒட்டன்சத்திரம் பக்கத்து ஆள். தொப்பியைக் கண்டதும் துள்ளி எழுந்தான்.

"லண்டன் துரை ஐயாவைப் பாக்க வந்திருக்காக. ஒரு கையெழுத்து வேணும்" என்றார் நூர் அகமது.

உள்ளேயிருந்து ஹெட் கிளார்க் ஓடி வந்தார். துரையின் மோவாய்க்கட்டைப் பார்த்து நின்றுவிட்டார். "என்ன பாய் இது கட்டு?"

நூர் அகமது இதற்கு ஒரு பதிலும் தயார் செய்யவில்லை. "பொன்னுக்கு வீங்கி" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

அது தொத்து நோய் என்பது சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. ஆபீஸில் இருந்தவர்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் நகர்ந்தார்கள். ஹெட் கிளார்க் மட்டும் ஆபீசர் அறைக்குள் ஓடினார். அங்கே என்னவோ கிசுகிசுப்பு. நாற்காலி இழுபடும் சத்தம். "மாட்டேன்" என்று ஒரு குரல். "நீ சும்மா இரு" என்று இன்னொரு குரல்.

"மச்சான், ஓடிருவமா?" என்று கட்டுக்குள்ளிருந்து கேட்டார் சௌகத் அலி.

அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

மேஜைக்குப் பின்னால் ஆபீசர் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். தலை படியச் சீவி, கோட்டு பித்தான்களைக் கழுத்து வரை மாட்டியிருந்தார். நெற்றியில் வேர்வை. பாஸ்போர்ட்டை வாங்கி முன்னாலும் பின்னாலும் திருப்பிப் பார்த்தார். படத்தைப் பார்த்தார், துரையைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். எத்தனை நுணுக்கமான ஆள், தொலைந்தோம் என்று நினைத்தார் நூர் அகமது.

"யெஸ்?" என்றார் ஆபீசர் கடைசியாக.

"யெஸ்" என்றார் சௌகத் அலி.

"யெஸ், யெஸ்."

இதற்கு என்ன சொல்வதென்று சௌகத் அலி சற்று யோசித்தார். "தேங்க்யூ."

"தேங்க்யூ, தேங்க்யூ" என்று ஆபீசர் எழுந்து பாதி குனிந்தார்.

பெரிய மனிதர்கள் அளந்துதான் பேசுவார்கள் போலிருக்கிறது என்று நூர் அகமதுவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அந்த நேரத்தில்தான் ஆண்டிச்சாமி டீ கொண்டு வந்து வைத்தான். சௌகத் அலி வாயோரத்துத் துணியை விரலால் விலக்கி, ஒரு வாய் உறிஞ்சினார். முப்பது வருஷம் அடுப்படியில் நின்ற நாக்கு அவரைக் கேட்காமலே பேசிவிட்டது.

"இஞ்சி பத்தல."

ஆபீசரின் முகம் அப்படியே சுருங்கிப் போயிற்று. தான் பெற்ற பிள்ளையை யாரோ குறை சொன்னது போல அத்தனை வருத்தம்.

நூர் அகமது பதறினார். "துரை... தமிழ் கொஞ்சம் படிச்சிருக்காக. நல்லாயிருக்குன்னு சொல்றதுக்குப் பதிலா..."

ஆபீசர் கேட்கவில்லை. பேனாவை எடுத்து, கோலம் போடுகிற மாதிரி மெதுவாக, சுற்றிச் சுற்றி ஒரு கையெழுத்துப் போட்டார். ஹெட் கிளார்க் மறு நொடியில் முத்திரையைக் குத்தி, தாளை இரண்டு விரலால் நீட்டி, வாசலையும் காட்டிவிட்டார்.

ஜட்காவில் சௌகத் அலியை ஏற்றி உட்கார வைத்தார் நூர் அகமது. சான்றுத் தாளை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். துரை பிழைத்தார், தன் மானமும் பிழைத்தது. ஒரு காலை வண்டிப் படியில் வைக்கும்போது, பின்னால் ஆண்டிச்சாமி ஓடி வந்தான்.

"ஏனுங்க பாய், கொஞ்சம் நில்லுங்க!"

நூர் அகமது காலைப் படியிலிருந்து இறக்கினார். தெரிந்துவிட்டது. மாட்டிக்கொண்டோம்.

ஆண்டிச்சாமி அவரைச் சுவரோரமாக இழுத்துப் போய்க் கும்பிட்டான். "தொரைகிட்டச் சொல்லிப்போடாதீங்க. உள்ள உக்காந்திருந்தது எங்க ஐயா இல்லீங்க. ஐயா ஊட்டுச் சமையக்காரருங்க. வெள்ளைக்காரரைத் திருப்பி அனுப்பினா மேலே எழுதிப்போடுவாருன்னு பயந்துட்டு, ஹெட் கிளார்க்குத்தான் கோட்டை மாட்டி உக்கார வெச்சாருங்க. பாவம், அந்த டீயும் அவரு போட்டதுதானுங்க."

நூர் அகமது கையிலிருந்த தாளைப் பார்த்தார். ஒரு சமையல்காரர் உயிரோடிருப்பதாக இன்னொரு சமையல்காரர் சான்று கொடுத்திருந்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது. அதற்குப் பின்னாலேயே அழுகையும் வந்தது.

"அப்ப நெசமான ஐயா எங்கப்பா?"

"அவரு விடியாலயே ஜீப்புல சிறுமலைக்குப் போயிட்டாருங்க" என்று ஆண்டிச்சாமி குரலைத் தாழ்த்தினான். "அங்க ஒரு தொரை செத்துப்போயிட்டாருன்னு, அவருக்கு ரொம்ப வேண்டிய ஒருத்தரு லண்டனுக்குத் தப்பா எழுதிப்போட்டாராமுங்க, லண்டன்ல இருக்கற தொரையோட தங்கச்சி அழுதுட்டுத் தோட்டத்துக்குத் தந்தி அடிச்ச பொறவுதான் தொரைக்கே தெரிஞ்சுதாமா. 'எழுதுனவருக்குத் தெரிஞ்சா மனசொடிஞ்சு போயிருவாரு, அவரு காதுக்கு எட்டாம இங்கயே வந்து ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க'ன்னு எங்க ஐயாகிட்ட ஆள் உட்டுக் கேட்டாருங்க. அதனால பாய், நீங்களும் இதை வெளிய ஆருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க!"