சிவப்புத் துணி கட்டிய டேங்கும் பதினொரு பட்டன் ரோஜாச் செடிகளும்

விவசாயம் தெரியாத விவசாயி மகனால் ஊருக்கு ஆபத்து ஒன்றும் கிடையாது. அவன் செல்போனில் விவசாயம் பார்க்கத் தொடங்கும்போதுதான் ஆபத்து. நான் பார்க்கத் தொடங்கியபோது எனக்கு இருபத்தாறு வயது. வடக்கனந்தல் பக்கத்தில் அப்பா கரும்பு போட்டிருந்தார். நானோ கள்ளக்குறிச்சியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து ஊராருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். செருப்பில் சேறு ஒட்டும் என்று வரப்போடு நின்றுவிடுகிற ரகம்.

அப்படிப்பட்டவன் ஒருநாள் தோட்டம் போடப் போவதாக அறிவித்தேன். எங்கள் வாசற்படிக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் இரண்டு கட்டில் போடுகிற அளவு இடம் இருந்தது. அதற்குப் பொருத்தமானது பட்டன் ரோஜா என்று முடிவு செய்தேன். முழங்கால் உயரத்தைத் தாண்டாது, ஆனால் கொத்துக்கொத்தாகப் பூக்கும். சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு, ஓரத்தில் மட்டும் சிவப்புத் தீற்றிய வெள்ளை என்று நர்சரியில் பதினொரு செடி வாங்கினேன். மண்ணுக்காகக் கல்வராயன் மலைக்கே போனேன். வெள்ளிமலையில் இருந்த நண்பன் வீட்டு மரத்தடியில் மக்கிக் கிடந்த இலை மண்ணை இரண்டு மூட்டையாகக் கட்டி, பைக்கில் வைத்து, வளைவுக்கு வளைவு சாமியைக் கும்பிட்டபடி இறங்கி வந்தேன்.

"நம்மூர்ல மண்ணே கெடையாதாடா? மலைக்குப் போயி மண்ணு அள்ளிக்கினு வர்ற?" என்றார் அம்மா.

"இது ஆர்கானிக்கும்மா."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ரோஜாவைப் பயிர் என்றே அவர் ஒத்துக்கொள்ளாததால் கருத்துச் சொல்லவும் அவருக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் பூத்தது! இரண்டே மாதத்தில் வாசலில் கம்பளம் விரித்த மாதிரி பூத்தது. (மண்ணுக்குப் போக வேண்டிய பெருமையை எல்லாம் நானே எடுத்துக்கொண்டேன்.) தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். கேட்காதவர்களுக்கும் ரோஜா வளர்ப்பு பற்றி வகுப்பு எடுத்தேன்.

அப்போது தங்கை தேன்மொழிக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அவளை அந்த ரோஜாக்களுக்கு நடுவில் நிறுத்திப் படம் பிடித்து மணலூர்பேட்டையில் ஒரு வீட்டுக்கு அனுப்பினார். மறுநாளே பையனின் அம்மா போன் செய்தார். "பொண்ணு லட்சணமா இருக்குது. அந்தப் பூவெல்லாம் யாரு வச்சது?"

அம்மா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "எல்லாம் எம் பொண்ணு வளத்ததுதாங்க. காலைல எழுந்தா செடிகிட்டதான் நிப்பா."

(தேன்மொழி காலையில் எழுவதே அபூர்வம்.)

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. அதற்குள் பையனும் தேன்மொழியும் இரண்டு முறை போனில் பேசியிருந்தார்கள். அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "எனக்கு இவரப் புடிச்சிருக்குண்ணா. நீ எதுனா பண்ணிக் கெடுத்து வுட்டுடாத." எனக்குக் கோபம் வந்தது. நான் என்ன கெடுக்கப் போகிறேன்?

அவர்கள் வருவதற்கு ஆறு நாள் முன்பு மொட்டுகளில் பச்சைப் பூச்சி அப்பியிருந்தது. ரசாயனத்தைத் தொடுவேனா நான்? வேப்பெண்ணெயில் சோப்பு கரைத்து, மோட்டார் கொட்டகைக்குப் போய் அப்பாவின் மருந்தடிக்கிற டேங்கை எடுத்தேன். அங்கே இரண்டு டேங்குகள் இருந்தன. ஒன்றின் வாரில் மட்டும் சிவப்புத் துணி சுற்றியிருந்தது. தோளில் உறுத்தாமல் இருக்கத்தான் சுற்றியிருக்கிறார், அப்பாவுக்கு என்ன அறிவு என்று மெச்சிக்கொண்டே அதை மாட்டினேன். ஒரு சொம்புத் தண்ணீரில் கழுவவும் செய்தேன். பிறகு ஒரு இலை விடாமல் குளிப்பாட்டினேன்.

மறுநாள் மாலை செடிகள் முறுக்கிக்கொண்டு நின்றன. மூன்றாம் நாள் தண்டெல்லாம் வளைந்து, இலை சுருண்டு, மொட்டுகள் தலையைத் தொங்கப் போட்டுவிட்டன. அப்பா குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"செவப்புத் துணி எதுக்குக் கட்டியிருக்குது தெரியுமா?"

"தோள்ல உறுத்தாம இருக்கப்பா…"

அப்பா படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அது களைக்கொல்லி டேங்குடா! ரெண்டும் கலந்துடக் கூடாதுன்னு அடையாளத்துக்குக் கட்டுனது. கரும்பு வச்சிருக்கற வூட்ல சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்!"

கரும்பை ஒன்றும் செய்யாமல் அகன்ற இலைச் செடிகளை மட்டும் முறுக்கிக் கொல்கிற மருந்து அது. டேங்கின் அடியில் ஒட்டியிருந்ததே என் பதினொரு செடிக்கும் போதுமானதாக இருந்தது. அன்று நான் அழுதேன் என்று வீட்டில் சொல்வார்கள். வேப்பெண்ணெய்க் கை கண்ணில் பட்டுவிட்டது, அவ்வளவுதான்.

நர்சரியில் வெறும் குச்சிதான் இருந்தது, பூக்க ஒரு மாதம் ஆகும் என்றார்கள். அம்மாவோ, "பூ எங்கன்னு கேட்டா நான் மூஞ்ச எங்க வச்சிக்கறது?" என்று புலம்பினார். ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலை நான் பூ மார்க்கெட்டுக்குப் போய் உதிரிப் பட்டன் ரோஜா ஒரு கிலோ வாங்கி வந்து, பச்சை நூலால் செத்த செடிகளில் கட்டத் தொடங்கினேன். ஒவ்வொரு பூவுக்கும் தனித்தனியாக முடிச்சுப் போட்டால் சாயங்காலம் ஆகிவிடும் என்று தோன்றியதால், நூலை அறுக்காமல் ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்கு அப்படியே கொண்டுபோனேன். அதையும் என் புத்திசாலித்தனம் என்றே நினைத்தேன்.

"இது வேணாண்ணா, அசிங்கமா இருக்குது" என்றாள் தேன்மொழி. அவளை உள்ளே போகச் சொன்னேன்.

மூன்று மணிக்கு வந்தார்கள். பையன், அவர் அப்பா, அம்மா, மூன்றே பேர். பூக்கள் வாடாமல் இருக்க நான் அதுவரை ஏழு முறை தண்ணீர் தெளித்திருந்தேன். பையனின் அம்மா வாசலிலேயே நின்று, "அய்ய, போட்டாவுல பாத்ததவிட ஜாஸ்தியா பூத்திருக்குதே!" என்றார். நான் அடக்கத்தோடு சிரித்தேன்.

கேசரி, பஜ்ஜி எல்லாம் நல்லபடியாக முடிந்தது. தேன்மொழி கும்பிட்டாள். பையன் தரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். அவர் அம்மா எழுந்தார். "எங்களுக்குப் புடிச்சிருக்குது. பூ வச்சிட்டே போயிடறோம். மல்லி வாங்கியாந்திருக்கேன். ஆனா அவ வளத்த பூவுல ஒண்ணு வச்சாதான் எனக்குத் திருப்தி."

சொல்லிக்கொண்டே வாசலுக்கு இறங்கிவிட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். "நான் பறிச்சித் தரேம்மா, முள்ளு குத்தும்."

"வுடு தம்பி. ரோசாப்பூ பறிக்கத் தெரியாதா எனக்கு?"

ஒரு மஞ்சள் பூவைப் பிடித்து இழுத்தார். வந்தது. அதன் பின்னால் ஒரு சிவப்பு வந்தது. அதன் பின்னால் இரண்டு ஆரஞ்சு. அந்தம்மா ஆச்சரியத்தில் இழுத்துக்கொண்டே பின்னால் நடக்க, முதல் வரிசை முழுவதும் கோத்த சரம் மாதிரி செடிகளை விட்டுக் கிளம்பி அவர் கையோடு போனது. பின்னால் மொட்டையாக நின்றன முறுக்கின குச்சிகள்.

"இன்னாங்க இது? உங்க பொண்ணு வளத்த பூவுன்னீங்களே?" என்று அந்தம்மா கேட்டார். அம்மா வாயைத் திறந்தார். அதற்குள் தேன்மொழி படியிறங்கி வந்துவிட்டாள்.

"நான் வளக்கலைங்க. ஒருநாள்கூட தண்ணி ஊத்துனது கெடையாது. அண்ணன்தான் ஆசையா வளத்துச்சி, அதுவே தப்பான மருந்த அடிச்சிக் கொன்னுடுச்சி. இந்தப் பூவு கடைல வாங்குனது. பொய் சொல்லிக்கினு உங்க வூட்டுக்கு வர எனக்கு இஷ்டம் இல்ல. இப்பவும் புடிச்சிருந்தா சொல்லுங்க."

எனக்கு அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. அந்த மலை மண்ணை இன்னும் இரண்டு மூட்டை கொண்டுவந்திருக்கலாம்.

அதுவரை பேசாமல் இருந்த பையனின் அப்பா ஒரு செடியருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சுருண்ட இலையை விரித்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "களைக்கொல்லி டேங்கக் கழுவாம அடிச்சிட்டியா தம்பி? ஒண்ணும் வெக்கப்படாத. நானே அடிச்சிருக்கறேன். எங்க வூட்டுக் கொல்லையில கத்திரிச் செடி அம்பது, மூணே நாள்ல இதே மாதிரிதான்…"

அங்கேயே நிறுத்திக்கொண்டார். ஆனால் தாமதமாகிவிட்டது. அந்தம்மா மெதுவாகத் திரும்பினார்.

"இன்னா சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல."

"கத்திரிச் செடிக்கு நோவு வந்துடுச்சின்னுதான சொன்னீங்க? ஏழு வருசமா சொல்லிக்கினு இருக்கீங்களே! நான் வெதக் கடைக்காரன்கிட்ட போயி சண்ட போட்டுட்டு வந்தேனே! இன்னைக்கும் அந்தாளு என்னப் பாத்தா ரோட்ட தாண்டிப் போறான்!"

பையனின் அப்பா ஆதரவு தேடி என் அப்பாவைப் பார்த்தார். என் அப்பா அவசரமாக வானத்தைப் பார்த்தார். பையன் சிரித்தேவிட்டார். அவர் நிமிர்ந்து தேன்மொழியைப் பார்த்ததும் அப்போதுதான்.

அந்தம்மா கையிலிருந்த சரத்திலிருந்து மஞ்சள் ரோஜாவை மட்டும் பிடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "எங்க வூட்ல கேட்டதும் உண்மையச் சொல்றதுக்கு ஒரு ஆளு வேணும் கண்ணு. ஏழு வருசம் காத்துக்கினு இருக்க என்னால ஆவாது." தேன்மொழியின் தலையில் அதைச் சொருகி, மேலே மல்லியையும் வைத்தார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் துடைத்தேன். இந்த முறை வேப்பெண்ணெய் மேல் பழி போட வழியில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. தேன்மொழியின் மாமனார் இன்றுவரை என்னை மன்னிக்கவில்லை. "உன்னாலதான்யா மாட்னேன்" என்று பார்க்கிற இடமெல்லாம் சொல்கிறார். மாமியார் மன்னித்துவிட்டார், ஆனால் மறக்கவில்லை. போன வருடம் என் கல்யாணத்தில், மாலை மாற்றி முடித்ததும் மேடை ஏறி வந்தார். ஆசீர்வாதம் செய்யத்தான் வருகிறார் என்று நான் குனிந்தேன். அவர் என் மாலையிலிருந்து ஒரு ரோஜாவைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, திகைத்து நின்ற என் மனைவியிடம் சொன்னார்: "நூல்ல கட்டுனதுதாம்மா. மாலைன்னா பரவால்ல. செடியில கட்டுனா மட்டும் எனக்கு ஒரு போன் போடு."