அம்மாவின் கட்டத்தில் ஓய்வு

ஆல்ப்ஸ் மலைக்குப் போக என்ன வேண்டும்? விசா என்பீர்கள். கம்பளிச் சட்டை என்பீர்கள். எங்கள் அப்பாவைக் கேட்டால் அட்டவணை என்பார்.

அப்பா ஆதிமூலம், வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் கண்காணிப்பாளர். ஸ்கேல் வைத்துக் கோடு போடாமல் அவரால் எதையும் யோசிக்க முடியாது. சூரிச்சில் இருக்கும் என் அக்கா ஓவியாவும் அவள் கணவர் மாறனும் எங்கள் மூவருக்கும் டிக்கெட் அனுப்பிய அன்றே அப்பா ஒரு ஆணை பிறப்பித்துவிட்டார். 2006 ஏப்ரல் மாதம். நான் செமஸ்டர் முடிந்து சென்னையிலிருந்து வந்து பையைக்கூடப் பிரிக்கவில்லை. ஃபிரிட்ஜ் கதவில் தொங்கியது அது.

"பொருள்: சுற்றுலா – ஆல்ப்ஸ் மலை – குடும்பத்தினர் மூவர் – நிகழ்ச்சி நிரல் – ஆணையிடப்படுகிறது."

அதன் கீழே கட்டம். முதல் நாள், பல்சக்கர ரயிலில் ஏறிப் பனி உச்சி. இரண்டாம் நாள், பாராகிளைடிங். மூன்றாம் நாள், இரண்டு மலைக்கு நடுவே கம்பியில் தொங்கிக்கொண்டு போவது. நாலாம் நாள், பனிப்பாறை மேல் நடை. அப்பா பெயருக்கு நேராக நாலு டிக். என் பெயருக்கு நேராகவும் நாலு டிக். அம்மா பெயருக்கு நேராக? ஓய்வு. ஓய்வு. ஓய்வு. ஓய்வு.

"அப்பா, அம்மாவுக்கு ஏன் நாலு நாளும் ஓய்வு?"

"பாவம், வருஷம் பூரா உழைக்கிறா. அங்க போயாவது ரெஸ்ட் எடுக்கட்டும்."

"எங்க எடுப்பாங்க?"

"ஓவியா வீட்ல."

"நாம சாயங்காலம் பசியோட திரும்பி வருவோமே, அப்ப சாப்பாடு?"

அப்பா மின்விசிறியைப் பார்த்தார். "அதான் உங்கம்மா வீட்ல சும்மாதானே இருப்பா!"

நான் எம்.ஏ. அரசியல் அறிவியல் படிக்கிறவள். பேச்சுப் போட்டியில் வாங்கிய கோப்பைகளை ஹாஸ்டலில் பேனா போட்டு வைத்திருக்கிறேன். என் ரத்தம் கொதித்ததா இல்லையா? கொதித்தது. உழைப்புச் சுரண்டல் என்றேன். ஆணாதிக்கம் என்றேன். ஐரோப்பாவிலேயே பெண்ணுக்கு ஓட்டுரிமையை ரொம்பத் தாமதமாகக் கொடுத்த நாடுகளில் சுவிட்சர்லாந்தும் ஒன்று, அந்த மண்ணில் போயா இப்படி என்றேன். அப்பா ஸ்கேலைத் துடைத்தார்.

அம்மா வேதா வாயே திறக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஓவியா அனுப்பிய ஒரு போட்டோவை, பனிக்கு நடுவே ஒரு சிவப்பு ரயில், அவள் அடுப்புக்கு மேலே எண்ணெய் தெறிக்காத உயரத்தில் ஒட்டி வைத்திருந்தாள். தாளிக்கும்போது தலையைத் தூக்கி அதைப் பார்ப்பாள். அக்கா போன் பண்ணினால் பேரப்பிள்ளை எப்போது என்றெல்லாம் கேட்கமாட்டாள். ஒரே கேள்விதான்.

"ஓவியா, பனியக் கையில எடுத்தா ஈரமா ஒட்டுமாடி, இல்ல உப்பு மாதிரி உதிருமா?"

"நீயே வந்து எடுத்துப் பாரும்மா" என்பாள் அக்கா. ஆறு வருடமாக இதே கேள்வி, இதே பதில்.

அப்படிப்பட்டவளுக்கு ஓய்வாம்!

"வேதா, ஒனக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார் அப்பா. "அதெல்லாம் பதினோராயிரம் அடி. ஒனக்கு முட்டி வலி வேற."

"எனக்கு எப்பங்க முட்டி வலி வந்துச்சு?"

"வரும். வயசாவுதில்ல?"

அம்மாவுக்கு நாற்பத்தெட்டு. அப்பாவுக்கு ஐம்பத்தைந்து. இந்தக் கணக்கை நான் எடுத்துச் சொல்வதற்குள் அம்மா முந்தானையில் கை துடைத்தபடி கேட்டாள்.

"அப்ப ஒடம்புல தெம்பு இருக்கறவங்கதான் போலாம்னு சொல்றீங்க?"

"அதேதான்."

"தெம்பு இருக்கா இல்லையான்னு எப்பிடிங்க பாக்கறது?"

அப்பா ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். எதிரே அண்ணாமலை. "தோ நிக்குது பார். பதினாலு கிலோமீட்டர். ஒரு சுத்து நடந்தே சுத்தி வரட்டும், அவங்க ஆல்ப்ஸுக்கு ஃபிட்டு!"

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லவேண்டும். ஊர் ஊராகப் பஸ் பிடித்து வந்து லட்சக்கணக்கில் ஜனம் சுற்றுகிற இந்த மலையை, இதன் எதிரிலேயே பிறந்து வளர்ந்த அப்பா ஒருமுறைகூட நடந்து சுற்றியதில்லை. கேட்டால், "மலை எங்க ஓடியா போவுது?" என்பார். அம்மாவோ கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பௌர்ணமி தவறினதில்லை. பின்மதியம் சோறு வடித்து வைத்துவிட்டுப் போவாள். வந்து தோசை வார்ப்பாள். அதை நடை என்று எங்கள் வீட்டில் யாரும் எண்ணியதே இல்லை. அது சாமி காரியம். நானும் எண்ணவில்லை, வெட்கமாகத்தான் இருக்கிறது.

"வாய்ல சொன்னா ஆச்சா? எழுதிக் குடுத்துடுங்க" என்றாள் அம்மா.

எழுதுவது என்றால் அப்பாவுக்கு அல்வா. உடனே பேனா வந்தது. இங்கேதான் நான் குறுக்கே புகுந்தேன். விதி என்றால் எல்லோருக்கும் ஒரே விதி, அம்மாவுக்கு மட்டும் பரீட்சை வைப்பது அநீதி என்று முக்கால் மணி நேரம் வாதாடினேன். 'பாலின, வயது வேறுபாடின்றி, விதிவிலக்கின்றி அனைவருக்கும்' என்ற வாசகத்தைச் சேர்க்க வைத்த பிறகுதான் உட்கார்ந்தேன். அப்பா தோற்றார், நான் ஜெயித்தேன். அம்மா எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தாள். சர்க்கரை ஜாஸ்தியாகவே போட்டிருந்தாள்.

அத்தாட்சி என்ன? வழியிலுள்ள எட்டு லிங்கத்திலும் ஒரு சிட்டிகை விபூதி வாங்கி எட்டுப் பொட்டலமாகக் கட்டிவர வேண்டும். வராதவர் கட்டத்தில் ஓய்வு. கீழே அப்பாவின் முழுக் கையெழுத்து, தேதியோடு.

ஞாயிற்றுக்கிழமை அப்பா ஆல்ப்ஸுக்கென்று வாங்கிய பூட்ஸை மாட்டிக்கொண்டு நின்றார்.

"கிரிவலத்துக்குப் பூட்ஸாங்க?" என்றாள் அம்மா.

கழற்றினார். நானும் செருப்பை விட்டேன். நாங்கள் ஏழரை மணிக்கு வாசலைத் தாண்டும்போது அம்மா தெருமுனையில் வந்துகொண்டிருந்தாள். விடியுமுன் கிளம்பியவள். கையில் எட்டுப் பொட்டலம், அந்தக் கையிலேயே வழியில் வாங்கிய இரண்டு கட்டு முளைக்கீரை.

இந்திர லிங்கம் வரை அப்பா ராணுவம். அக்னி லிங்கத்தில் எனக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். எம லிங்கத்தில், "இந்தக் கோணத்துல மலையப் பாரேன், எவ்ளோ அழகு!" என்று பத்து நிமிடம் நின்றார். அதற்கப்புறம் மலை எல்லாக் கோணத்திலும் அழகாகிவிட்டது. வெயில் ஏறியது. தார் ரோடு தோசைக்கல் மாதிரி காய்ந்தது. நிருதி லிங்கத்துக்கு நூறடி முன்னால் அப்பா ஒரு மைல் கல்லின் மேல் உட்கார்ந்தார்.

"அன்பு, எனக்கு ஒண்ணும் இல்ல. சும்மா கால்தான் வரமாட்டேங்குது."

சற்றுத் தள்ளி, லிங்கத்தருகே புளிய மரத்தடியில் ஒரு ஆட்டோ. அதிலிருந்து எட்டிப் பார்த்தார் எங்கள் பக்கத்துத் தெரு ரபீக் அண்ணன்.

"சார், ஏறிக்கங்க."

"யோவ், நான் நடக்கறதுக்கு வந்தவன்யா."

"சரிங்க சார். உள்ள நிழலா இருக்குதுன்னு சொன்னேன்."

எத்தனையோ மேடையில் எத்தனையோ வாதம் கேட்டிருக்கிறேன். இதைவிட வலுவான ஒன்றை நான் கேட்டதில்லை.

அப்பா ஏறினார். நான் என்ன செய்வது? சமத்துவம் என்றால் அப்பா நிழலில், மகள் தாரிலா? முதியவரைத் தனியே அனுப்புவது மனிதாபிமானமா? தவிரவும் என் பாதத்தில் இரண்டு கொப்புளம். ஏறினேன்.

மிச்ச லிங்கங்களில் எல்லாம் இறங்கி, பக்தியோடு விபூதி வாங்கி, மறுபடி ஏறினோம். வீட்டுக்கு ஒரு தெரு முன்னால் வண்டியை நிறுத்தச் சொன்னார் அப்பா. என் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி முகத்திலும் சட்டையிலும் ஊற்றிக்கொண்டார். வியர்வையாம். எனக்கும் கொஞ்சம் தெளித்தார்.

அம்மா பதினாறு பொட்டலத்தையும் பிரித்துப் பார்த்தாள். "அடேயப்பா, எட்டும் எட்டும் சரியா இருக்கு. பொங்கல் சாப்பிடுங்க."

இரண்டு வாய்தான் சாப்பிட்டிருப்போம். வாசலில் ஹாரன்.

"அக்கா! பாப்பா தண்ணி பாட்டில வண்டியிலயே உட்டுட்டாங்க. அப்புறம், நீங்க சொன்னாப்பலயே நிருதி லிங்கத்தாண்ட நிப்பாட்டியிருந்தேன்க்கா. சார் நூறடி முன்னாலயே குந்திட்டாரு."

அப்பா கையிலிருந்த பொங்கல் தட்டிலேயே விழுந்தது.

"வேதா... ஆட்டோவ நீயா அனுப்பின?"

"பின்ன? இந்த வெயில்ல ஒங்களுக்கு மயக்கம் கியக்கம் வந்துட்டா?"

"நான் அங்கதான் உட்காருவேன்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"இருபத்தெட்டு வருஷமா கூட இருக்கேனே."

"இது சதி!"

"என்னாங்க சதி? நான் ஏத்திட்டு வாப்பான்னா சொன்னேன்? அங்க நில்லுன்னுதான் சொன்னேன். நீங்க ஏறாம இருந்திருக்கலாமே."

எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. "அப்படிக் கேளும்மா!" என்று எழுந்தேன். அம்மா ஸ்கேலையும் பேனாவையும் எடுத்து ஃபிரிட்ஜ் பக்கம் போனாள். அப்பாவின் நாலு டிக்கையும் அடித்து 'ஓய்வு' என்று எழுதினாள். தன் கட்டத்தில் நாலு டிக் போட்டாள். அப்புறம் பேனா என் கட்டத்துக்கு நகர்ந்தது.

"அம்மா! நான் ஒன் கட்சி!"

"தெரியும்டி கண்ணு. அந்த 'விதிவிலக்கின்றி' நீ போட்டதுதானே? படிக்கறதுக்கே எவ்ளோ நல்லா இருக்கு!"

ஜூன் மாதம் சூரிச்சில் முதல் நாள். அக்காவும் மாறன் மாமாவும் அம்மாவைச் சிவப்பு ரயிலேற்றிக் கூட்டிப் போய்விட்டார்கள். அப்பா வெங்காயம் உரித்தார். நான் சாம்பாரைக் கிண்டினேன். உழைப்புச் சுரண்டல் பற்றி இருவரும் முதல் முறையாக ஒரே கருத்தில் இருந்தோம். மதியம் மாமாவின் மொபைலிலிருந்து போன் வந்தது.

"அன்பு! உப்பு மாதிரியேதாண்டி உதிருது!" அம்மா சின்னப் பெண் மாதிரி கத்தினாள். காற்று இரைந்தது. யாரோ சிரித்தார்கள். எனக்குக் கண் கலங்கியது. அப்பாவும் மூக்கை உறிஞ்சினார், வெங்காயம் என்றார்.

"அது கெடக்கட்டும்" என்றாள் அம்மா பதினோராயிரம் அடி உயரத்திலிருந்து. "சாம்பாருக்கு உப்பு போட்டீங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். போடவில்லை.