கோவளம் பஸ் ஸ்டாப்பில் தொங்கிய பாஸ்வேர்டு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போனது. நஷ்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான். தலையில் ஐஸ்கட்டி சுமந்தவன், இதே கோவளத்தில் சொந்தமாக ஐஸ் பேக்டரி போட்டேன். ஆகவே, என் பேத்திக்கு நான் வைத்த பேனரைப் பற்றி ஊரில் யார் சிரித்துக்கொண்டே சொன்னாலும் நம்பாதீர்கள். நடந்ததை நானே சொல்கிறேன்.

என் மகள் கற்பகமும் மருமகனும் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார்கள். பேத்தி யாழினிக்கு அப்போது எட்டு வயது. என் வீட்டிலிருந்துதான் படித்தாள். சிங்கப்பெருமாள் கோயிலில் இருக்கும் சம்பந்திக்கு அது பொறுக்கவில்லை. (ஐஸ் விற்கிற வீட்டில் குழந்தை கெட்டுப்போகுமாம். ஐஸில் வைத்தால் எதுவும் கெடாது என்பதுகூடத் தெரியாத மனுஷர்.) கற்பகம் போனில் ஒரே போடாகப் போட்டாள்.

"அவளுக்குப் போன் குடுக்காதீங்க நைனா. எனக்கு ஈமெயில் எழுதட்டும். ஆனா கண்டவனும் அவளுக்கு எழுதக் கூடாது. அந்த மாதிரி ஒண்ணு பாத்து வையுங்க. முடியலன்னா அவ அந்தத் தாத்தா வூட்லயே இருக்கட்டும்."

முடியலன்னாவா? மறுநாளே செங்கல்பட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் போய் உட்கார்ந்தேன். கடைக்காரர் ஒரு ஈமெயிலைத் திறந்து காட்டினார். ஓரத்தில் வீட்டுக்கடன் விளம்பரம், கீழே முடி வளரும் எண்ணெய்.

"எட்டு வயசுக் குழந்தைக்கு இன்னாத்துக்குப்பா வூட்டுக்கடன்?"

"அது எல்லாருக்கும் வரும் சார்."

"என் பேத்திக்கு வரக் கூடாது. என் பேக்டரி கேட்டுல வாட்ச்மேன் கீறான். நான் பேர் சொன்ன ஆளைத்தான் உள்ள வுடுவான். அந்த மாதிரி வாட்ச்மேன் வச்ச ஈமெயில் கீதா?"

இருந்தது. குழந்தைகளுக்கென்றே செய்த மென்பொருள். பெரிய பெரிய படப் பொத்தான்கள், விளம்பரமே கிடையாது, அம்மா அனுமதித்த ஆள் மட்டும்தான் எழுத முடியும், மற்றவர் கடிதம் வாசலோடு திரும்பிவிடும். எத்தனை பட்டதாரிகள் இப்படிக் கேட்டு வாங்கியிருப்பார்கள்? கற்பகம் மஸ்கட்டிலிருந்தே கணக்கைத் தொடங்கி, முழு விவரத்தையும் எனக்கு ஒரே வாட்ஸ்அப்பில் அனுப்பினாள்.

எங்கள் பக்கம் காது குத்தினால் பேனர், டிராக்டர் வாங்கினால் பேனர். பேத்திக்கு ஈமெயில் வந்த பிறகு சும்மா இருந்தால் சம்பந்தி என்ன நினைப்பார்? பேனர் கடை முருகன் என் போட்டோவைப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"அண்ணாத்த, உங்க வெள்ளச் சட்டையில நெஞ்சுப் பக்கம் எடம் காலியா கீது. இன்னா போடலாம்?"

"ஈமெயிலைப் போடு. அனுப்பறேன், அப்படியே போட்டுரு."

மகள் அனுப்பியதை அவனுக்குத் தள்ளிவிட்டேன். முருகன் நாணயமானவன். அப்படியே என்றால் அப்படியேதான்.

கோவளம் பஸ் ஸ்டாப்பில் பேனர் ஏறியது. மேலே யாழினி, கீழே கூலிங் கிளாஸுடன் நான். என் நெஞ்சில், பூ பார்டருக்குள், அவளுடைய ஈமெயில் முகவரி. அதன் கீழே பாஸ்வேர்டு. அதற்கும் கீழே: 'நைனா, இதை யார்கிட்டயும் காட்டாதீங்க.'

பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் அண்ணாந்து படித்தார்கள். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மதியமே யாழினியின் கணக்கிலிருந்து கற்பகத்துக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது. 'அக்கா, நாங்க ஆட்டோ ஸ்டாண்டு பசங்க. உங்க நைனா பாஸ்வேர்ட ரோட்ல மாட்டி வச்சிகிறாரு. சீக்கிரம் மாத்துங்க. நைனா சூப்பரா கீறாரு.' கூடவே பேனரின் போட்டோ.

போன் அடித்தது.

"நைனா, இன்னா பண்ணி வச்சிகிறீங்க?"

"ஏன், போட்டோ சரியா வுழலியா?"

"பாஸ்வேர்ட மாத்திட்டேன். யாழினி துணிமணிய எடுத்து வையுங்க. சாயங்காலம் அந்தத் தாத்தா கார் அனுப்பறாரு."

மீன் வெட்டும் கத்தியோடு ஏணியில் ஏறினேன். பேனரைக் கழற்றுவதாவது? நெஞ்சை மட்டும் சதுரமாக அறுத்து எடுத்தேன். ஓட்டை வழியாகக் கடல் தெரிந்தது.

"அண்ணாத்த, உங்க நெஞ்சுக்குள்ள ஒரு மீன்புடி போட்டு போவுது," என்றார்கள் ஆட்டோ ஸ்டாண்டில்.

சாயங்காலம் கார் வந்தது. யாழினி ஏறவில்லை. என் போனைப் பிடுங்கி அம்மாவிடம் பேசினாள்.

"அம்மா, தாத்தாவுக்கு ஒண்ணுமே தெரியாது. நானும் போயிட்டா அவர யாரு பாத்துப்பாங்க?"

ஒண்ணுமே தெரியாதா? எனக்கா? பதில் நாக்கு நுனிவரை வந்தது. கார் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. விழுங்கிவிட்டேன். (வாழ்க்கையில் நான் விழுங்கிய ஒரே பதில் அதுதான்.)

அந்தப் பக்கம் கற்பகம் சிரித்துவிட்டாள். "சரி, இருக்கட்டும். ஆனா இனிமே அந்த வூட்ல ரெண்டு குழந்தைங்க. நைனாவுக்கும் அதே மாதிரி கொழந்தைங்க ஈமெயில்தான்."

கார் காலியாகத் திரும்பியது.

அந்த மென்பொருள் என் உண்மையான வயதை ஏற்றுக்கொள்ளவில்லை. யாழினியே எட்டு என்று போட்டாள். இன்றுவரை கற்பகம் பார்த்து அனுமதித்தால்தான் என் கடிதம் வெளியே போகும். போகட்டுமே. என் சேக்காளிகளுக்கெல்லாம் லாட்டரி விழுந்ததாக ஈமெயில் வருகிறது. எனக்கு இதுவரை ஒன்று வந்ததா?

என் பிறந்தநாளன்று திரையில் பலூன்கள் பறந்து, ஒன்பது வயதுக்கு வாழ்த்து வந்தது. வீட்டில் கேக்கின் மேல் ஒன்பது என்று மெழுகுவத்தி வைத்தார்கள். தலைநிமிர்ந்துதான் ஊதினேன்.

இந்த வருஷம் எனக்குப் பத்து. முருகனிடம் பேனருக்குச் சொல்லிவிட்டேன்.