அடைப்புக்குறி திற, அடைப்புக்குறி மூடு

கம்ப்யூட்டரே இல்லாமல் கம்ப்யூட்டர் மொழி கற்பிக்கும் பெருமை, உலகிலேயே நாமக்கல் பக்கத்திலுள்ள எங்கள் 'மாமேதை' விடுதிப் பயிற்சி மையத்துக்குத்தான் உண்டு. மொழியின் பெயர் 'கோ'. துறைத் தலைவர் அடியேன். போன வருஷம் வரை விலங்கியல்.

விடிவதற்குள் பிள்ளைகள் குளித்துவிட்டு, கைடில் உள்ள பயிற்சி விடைகளைக் கோரஸாக ஒப்பிப்பார்கள். "ஃபங்க் மெயின், அடைப்புக்குறி திற, அடைப்புக்குறி மூடு..." கேட்டால் மெய்சிலிர்க்கும். கைடு நாங்களே அச்சடித்தது.

பிறகு தாளாளர் காளியப்பன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி ரிப்பன் வெட்டினார். ஒன்றிலிருந்து பத்துவரை எண்களைக் காட்டும் முதல் பயிற்சியைக் கைடு பார்த்து அடித்தோம். ஓடவில்லை. திரை காட்டிய பிழை: ஒரு வரியில் 'டோட்டல்' என்று ஒரு பெயரை அறிவித்துவிட்டு, அதை எங்கேயும் பயன்படுத்தவில்லையாம். கோ அதை ஒத்துக்கொள்ளாதாம். என்ன திமிர் பாருங்கள்.

"மிஷினு பழசுங்களா?" என்றார் தாளாளர்.

"புதுசுங்க. இன்னும் நம்ம கைடு பழகலைங்க."

சூரமங்கலத்து அக்சிலியா எழுந்தாள். இன்ஜினியரிங் முடித்து வேலையில்லாமல் அலைந்தவள். சனிக்கிழமை ஒரு கம்பெனி ஆள் எடுக்க வருவதை நம்பித்தான் இங்கே சேர்ந்தாள். "அந்த ஒரு வரிய எடுத்துட்டா ஓடும் சார்" என்று எடுத்தாள். ஓடியது.

உடனே என் தலைமையில் 'ஒழுங்கு நடவடிக்கைக் குழு' கூடியது.

"ஓடிச்சுல்ல சார்?" என்றாள்.

"ஓடறது முக்கியமில்ல சாமி. கைடுல இருக்கற மாதிரி இருக்கோணும்" என்றார் தாளாளர். "ஒரு வரி கொறஞ்சா மார்க்கு போயிருமல்ல?"

கைடு விடையை ஒரு நோட்டு நிறைய இம்போசிஷன் எழுதினால்தான் இன்டர்வியூவுக்கு அனுமதி என்று தீர்ப்பளித்தோம். பாவம், கை வீங்க எழுதினாள். எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது. குழுத் தலைவர் வெட்கப்படலாமா?

சனிக்கிழமை கம்பெனிக்காரர்களும் அதே பயிற்சியைத்தான் கொடுத்தார்கள். பிள்ளைகள் 'டோட்டல்' உட்பட ஒரு புள்ளி பிசகாமல் எழுதினார்கள். இப்படியொரு ஒற்றுமையை எந்த ஊரிலும் பார்த்ததில்லை என்று வந்தவர்களே சொன்னார்கள். சொல்லிவிட்டு, அந்த வரியை விட்டுவிட்டு எழுதிய அக்சிலியாவை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலையிலேயே மெயின்ரோட்டில் அவள் படத்தோடு பிளக்ஸ் வைத்தோம். 'எங்கள் பயிற்சி, எங்கள் சாதனை'.

போன் வந்தது. "என் படத்த எடுத்துருங்க சார். நீங்க சொல்லிக்குடுத்தத எழுதாததுனாலதான் எனக்கு வேலை கெடச்சுது."

நன்றி கெட்டவள். மற்ற பிள்ளைகள் தங்கம். நாங்கள் கற்பித்ததில் ஓர் எழுத்தைக்கூட இன்றுவரை மறக்கவில்லை. அதனால்தான் அத்தனை பேரும் இன்னும் எங்களிடமே இருக்கிறார்கள்.